கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொள்வதா, கரைக்கு நீந்துவதா?

குளிர்நீரில் கனூ எனும் சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடம் அந்த முடிவே வேண்டாம். அதிர்ச்சியில் மூச்சு தாறுமாறாக வாங்கும். அது அடங்கும்வரை முகத்தை நீருக்கு மேலே வைத்திருந்தால் போதும். அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான். கனடா ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய '1-10-1' கணக்கு இது. கடைசி 1, நினைவு தப்ப ஆகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

நீந்துவதில் சிக்கல் இங்கேதான். குளிரில் உடல் விறைக்கும் முன்பே தசை ஓய்ந்து மூழ்கிவிடுவோம். கை வீசி நீந்த நீந்த உடல் சூடும் வேகமாக இறங்கும். கரை வேறு, இருப்பதைவிடக் கிட்டத்தில் தெரிந்து ஏமாற்றும்.

படகோடு இருந்தால் மிதக்க ஒரு பிடி உண்டு. தேடுவோர் கண்ணிலும் எளிதில் படும். அந்த 10 நிமிடத்துக்குள் உடலை முடிந்தவரை அதன்மேல் ஏற்றிவிட வேண்டும். மேலே காற்று குளிரத்தான் செய்யும், ஆனால் நீர் அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும்.

உயிர்காப்பு அங்கி இல்லாதவர் படகை விடவே கூடாது என்பேன். அங்கி இருந்து, கரையும் மிக அருகில், உதவி வர வழியும் இல்லையென்றால் நீந்தலாம். படகு அருவிப் பக்கம் இழுபட்டால் மட்டும் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.