எல்விஜிஎல்லை ஃப்ரேம்பஃபரில் ஓட்டிய அனுபவம்: க்ராஷ்கள் எங்கிருந்து வருகின்றன

லினக்ஸ் ஓடும் சிறிய போர்டுகளில், ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வரும் வேலண்டும் இல்லாமல், நேராக ஃப்ரேம்பஃபரில் (திரையில் தெரியும் பிக்சல்கள் இருக்கும் நினைவகம்) வரைவதற்கு எல்விஜிஎல் (LVGL) என்ற வரைகலை லைப்ரரியைப் பயன்படுத்திவருகிறேன். 2021இல் பதிப்பு 8 வந்தபோது தொடங்கியது. 2024 ஜனவரியில் வெளியான பதிப்பு 9க்கு மாறி இப்போதும் தொடர்கிறது. பெரும்பாலும் 800க்கு 480 பிக்சல் தொடுதிரைகள், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட வேண்டிய கருவிகள். அழகு, வேகம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விழும்போது என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்தனை காலத்தில் பார்த்த க்ராஷ்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டாக் ட்ரேஸில் (விழும்போது எந்த ஃபங்ஷன்கள் ஓடின என்ற பட்டியல்) எல்விஜிஎல்லின் பெயர் இருந்தது. காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்று திரை நினைவகத்தின் ஓரத்தில், இல்லாவிட்டால் அழிந்துபோன ஆப்ஜெக்ட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பாயின்டரில்.

முதலில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். ஃப்ரேம்பஃபரில் செத்த நிரலும் உறைந்த நிரலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டெஸ்க்டாப்பில் நிரல் விழுந்தால் ஜன்னல் மறைந்துவிடும். இங்கே மறைக்க ஆளில்லை. கடைசியாக வரைந்த பிக்சல்கள் நினைவகத்தில் அப்படியே கிடக்கும், திரைக் கன்ட்ரோலர் அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். "பட்டன் வேலை செய்யவில்லை, தொடுதிரை போய்விட்டது" என்று வரும் புகார்களில் பல, நிரல் எப்போதோ போய்ச் சேர்ந்த கதைதான். அதனால் திரையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கணினியிலிருந்து நுழையும் வழி) உள்ளே போய், ப்ராசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லை என்றால் வெளியேறிய எண் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஷெல்லில் 139 என்று வந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட் (சுருக்கமாக செக்ஃபால்ட், தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டது), 134 என்றால் அபார்ட் (நிரல் தானே நிறுத்திக்கொண்டது), 135 என்றால் பஸ் எரர் (நினைவகத்தை வன்பொருள் ஏற்காத விதத்தில் தொட்டது). 137 என்றால் யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி தீர்ந்து கர்னல் கொன்றது, கர்னல் லாக்கில் பெயரோடு இருக்கும். 132 வந்தால் கோடைத் தேடவே வேண்டாம், வேறு செயலிக்கான கம்பைலர் ஆப்ஷனோடு கட்டியிருப்பார்கள்.

ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அசையவில்லை என்றால் ஜிடிபி என்ற டீபகரை அதோடு இணைத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நான் அடிக்கடி பார்த்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, சொந்தமாக எழுதிய ஃப்ளஷ் கால்பேக்கில் (வரைந்ததைத் திரைக்கு அனுப்ப எல்விஜிஎல் அழைக்கும் ஃபங்ஷன்) 'முடிந்தது' என்று எல்விஜிஎல்லுக்குத் தெரிவிக்கும் அழைப்பு ஏதோ ஒரு எரர் பாதையில் விட்டுப்போயிருக்கும். எல்விஜிஎல் காத்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று அசர்ட், அதாவது கோடுக்குள்ளேயே வைத்திருக்கும் சரிபார்ப்பு. எல்விஜிஎல்லின் இயல்பான அமைப்பில் அசர்ட் தோற்றால் முடிவில்லாத லூப்பில் போய் நின்றுவிடும். மைக்ரோகன்ட்ரோலரில் அது நியாயமானது, டீபகரை மாட்டிப் பார்க்க வசதி. லினக்ஸில் அதனால் கோர் ஃபைலும் (விழுந்த கணத்தின் நினைவகப் பதிவு) கிடைக்காது, சிபியுவும் நூறு சதவீதத்தில் சுற்றும். கான்ஃபிக் ஃபைலில் அந்த ஹேண்ட்லரை அபார்ட் செய்யும்படி மாற்றுவது புதிதாக எந்த வேலை தொடங்கினாலும் நான் முதலில் செய்வது.

சரி, இனி திரை நினைவகத்தின் ஓரத்துக்கு வருவோம். நேரத்தை அதிகம் தின்றது இதுதான்.

800க்கு 480 திரை, பிக்சலுக்கு 16 பிட் என்றால் மொத்தம் 7,68,000 பைட். கர்னல் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகத்தான் மேப் செய்யும். வகுத்துப் பார்த்தால் 187.5 பக்கம், ஆக 188 பக்கம் மேப் ஆகும், கடைசிப் பக்கத்தில் 2048 பைட் உபரி. ஒரு வரி 1600 பைட். அதாவது கோட் ஒரு வரி கூடுதலாக எழுதினாலும் ஒன்றும் ஆகாது, சத்தமே இல்லாமல் உபரியில் போய் விழும். இதே கோடை 32 பிட் திரைக்குக் கொண்டுபோங்கள். 15,36,000 பைட், சரியாக 375 பக்கம், உபரி பூஜ்யம். எல்லை தாண்டும் முதல் பைட்டிலேயே விழும். பக்கத்தில் வேறு ஏதாவது மேப் ஆகியிருந்தால் விழாமல் அதைக் கெடுக்கும், அது இன்னும் மோசம். "பழைய போர்டில் ஓடியது, புதிய போர்டில் க்ராஷ் ஆகிறது, ஆகவே புதிய போர்டின் ட்ரைவர் சரியில்லை" என்ற வாதத்தைக் கேட்டால் எனக்கு முதலில் இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஒரு வரி எதனால் கூடுகிறது? எல்விஜிஎல் கொடுக்கும் பகுதியில் இரண்டு ஓர எண்களும் உள்ளடக்கம். அகலம் வேண்டுமென்றால் கழித்துவிட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். அதைச் சரியாகச் செய்தவர்கள்கூட லூப்பில் கோட்டை விடுவார்கள். அடுத்தது வரி நீளம். அகலத்தை பிக்சல் பைட்டால் பெருக்கினால் வரி நீளம் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. 1366 பிக்சல் அகலமுள்ள 32 பிட் திரையில் பெருக்கினால் 5464 வரும். வன்பொருள் 64 பைட் ஒழுங்கு கேட்டால் உண்மையான வரி 5504. கர்னல் தரும் நிலையான தகவலில் வரி நீளம் என்றே ஒரு புலம் இருக்கிறது, அதைத்தான் எடுக்க வேண்டும். நாம் குறைவாக நினைத்தால் படம் சாயும், அதோடு சரி. அதிகமாக நினைத்தால்தான் விழும். 16 பிட் திரையை 32 பிட் என்று நினைத்து முழுத் திரையும் வரைந்தால் சரியாக 240ஆவது வரியில் செக்ஃபால்ட் வரும். ஜிடிபியில் பாதி உயரத்தின் எண்ணைப் பார்த்தீர்களானால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்றைச் சொல்கிறேன். க்ராஷ் ஆன முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸின் மேப் பட்டியலில் எஃப்பி0 (ஃப்ரேம்பஃபரின் சாதனக் கோப்பு) எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக் கழியுங்கள். மீதியை வரி நீளத்தால் வகுத்தால் எத்தனையாவது வரியில் எழுதப் போனது என்று தெரிந்துவிடும். 480க்குக் கொஞ்சம் மேலே என்றால் ஓரக் கணக்கில் பிழை. 960ஐ நோக்கிப் போக முயன்றது போல இருந்தால் இரட்டை பஃபர் விவகாரம்.

இரட்டை பஃபர் தனிக் கதை. செங்குத்து மெய்நிகர் அளவை 960 ஆக்கச் சொல்லி ட்ரைவருக்கு ஐஓசிடிஎல் என்ற கட்டளை அனுப்பி, இரண்டாவது பாதியில் வரைந்து, அப்புறம் திரையை அங்கே நகர்த்துவது பழைய முறை. பழைய ஃப்ரேம்பஃபர் ட்ரைவர்கள் பலவற்றில் இது நடந்தது. இப்போதைய கர்னல்களில் எஃப்பி0 என்பது பெரும்பாலும் டிஆர்எம் (கர்னலின் புதிய திரை அமைப்பு) ட்ரைவரின் மேல் போட்ட பாவனை. அது இயல்பாகத் திரைக்குத் தேவையான அளவே நினைவகம் ஒதுக்கும். 960 கேட்டால் மறுத்து எரர் தரும். அந்த எரரைப் பார்க்காமல் இரண்டாவது பாதியில் எழுதத் தொடங்கினால் முதல் வரிகளிலேயே கதை முடிந்தது. கர்னலை மேம்படுத்தியதும் தொடாத நிரல் விழத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். டிஆர்எம் உதவி மாட்யூலின் ஓவர்அலாக் என்ற அளவை கர்னல் கட்டளை வரியில் 200 என்று கொடுத்தால் இரண்டு திரைக்கான இடம் கிடைக்கும். எப்படியானாலும், அளவை மாற்றச் சொன்ன பிறகு அதை மறுபடி படித்துப் பார்ப்பது நல்லது. கேட்டதைத் தராமல் தன்னால் முடிந்ததைத் தந்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லும் ட்ரைவர்களும் உண்டு.

பஸ் எரர் அரிதாகத்தான் வரும். ஏஆர்எம் போர்டுகளில் ட்ரைவர் திரை நினைவகத்தைச் சாதன நினைவகமாக மேப் செய்திருந்தால், ஒழுங்கற்ற முகவரியில் எழுதப்போகும் வேகமான மெமரி நகல் ஃபங்ஷன் அங்கே தடுக்கி விழும். போர்டு தந்தவர்கள் ஒட்டுப்போட்ட கர்னலில் இது என்னைப் படுத்தியிருக்கிறது. ட்ரைவரைத் திருத்த முடியாவிட்டால் நாலு நாலு பைட்டாக நகலெடுப்பதுதான் வழி.

பதிப்பு 8இலிருந்து 9க்கு மாறுகிறவர்கள் பெயர் மாற்றங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். கம்பைலர் சொல்லாத மாற்றம்தான் ஆபத்து. 9இல் நிறத்துக்கான டைப் எப்போதும் மூன்று பைட். ஃப்ளஷ் கால்பேக்குக்கு வருவது வெறும் பைட் பாயின்டர். 8இன் பழக்கத்தில் அதை நிற டைப்புக்கு காஸ்ட் செய்து 16 பிட் திரைக்கு அனுப்பினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு பைட் அதிகமாகப் படித்து பஃபரின் முடிவைத் தாண்டிப் போகும். பஃபர் அளவையும் 8இல் பிக்சலில் சொன்னோம், 9இல் பைட்டில் சொல்ல வேண்டும்.

இனி ஆப்ஜெக்ட்களின் ஆயுள். ஸ்டைலை ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளாக வைத்தால் அந்த ஃபங்ஷன் முடிந்ததும் அது போய்விடும், எல்விஜிஎல் அதன் பாயின்டரை வைத்துக்கொண்டே இருக்கும். இது எல்லோரும் அறிந்தது, ஆவணத்திலேயே எச்சரிக்கை உண்டு. அதைவிட நுட்பமானது டைமர். ஆப்ஜெக்ட்டை அழித்தால் அதன் மேல் ஓடும் அனிமேஷனை எல்விஜிஎல்லே நிறுத்திவிடும்; டைமரை நிறுத்தாது. வெப்பநிலையை லேபிளில் காட்டும் டைமர், பயனர் வேறு திரைக்குப் போய்ப் பழைய திரை அழிந்த பிறகும் இல்லாத லேபிளில் எழுதப் போகும். திரையின் அழிவு நிகழ்வில் ஒரு கால்பேக் போட்டு அங்கேயே டைமரை அழிப்பதுதான் சுத்தமான வழி. பழைய திரையைத் தானாக அழிக்கும்படி சொல்லி அனிமேஷனோடு புதிய திரைக்கு மாறும்போது, பயனர் அவசரமாகப் பட்டனை இரண்டு தரம் தட்டுவார் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். முதல் தட்டலிலேயே பட்டனைச் செயலிழக்கச் செய்துவிடுங்கள். கால்பேக்குக்குள் தன் ஆப்ஜெக்ட்டின் தாயையே அழிக்க வேண்டி வந்தால், பிறகு அழிக்கும் அசின்க் வகை ஃபங்ஷன் இருக்கிறது.

இவற்றைப் பிடிக்க அட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழைகளை ஓடும்போதே கண்டுபிடிக்கும் கம்பைலர் வசதி) போதும் என்பார்கள். போதாது. எல்விஜிஎல்லின் இயல்பான மெமரி ஏற்பாடு ஒரே பெரிய அரேயைத் தானே பங்கு போட்டுக்கொள்வது. சானிடைசருக்கு அது ஒரே துண்டு. வாசலில் நிற்கும் காவலாளிக்கு வீட்டுக்குள் நடக்கும் சண்டை தெரியாது. கான்ஃபிக்கில் சி லைப்ரரியின் மெலாக்குக்கு (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) மாற்றிவிட்டால் அழிந்த லேபிளைத் தொட்ட வரி எண்ணோடு வந்து நிற்கும். லினக்ஸில் அந்த உள் அரேயை வைத்துக்கொள்வதில் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை. 9இல் இயல்பான அளவு 64 கேபிதான், கொஞ்சம் பெரிய திரை அமைப்புக்கே தீர்ந்துபோகும். மேப் செய்த திரை நினைவகத்தையும் சானிடைசர் கவனிக்காது. சோதனைக் கட்டமைப்பில் மட்டும் எஃப்பி0க்குப் பதிலாக அதே அளவில் மெலாக் செய்த பஃபரில் ஃப்ளஷ் செய்யுங்கள். மேலே சொன்ன ஒரு வரி உபரிப் பிழை முதல் ஓட்டத்திலேயே மாட்டும்.

த்ரெட் விஷயம் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்விஜிஎல்லைப் பல த்ரெட்களிலிருந்து காப்பின்றித் தொடக் கூடாது. 9இல் லாக் கூடவே வருகிறது. இருந்தாலும் மற்ற த்ரெட்கள் ஒரு க்யூவில் செய்தி போட, திரை த்ரெட்டில் ஓடும் டைமர் அதை எடுத்துக் காட்டுவதுதான் எனக்குப் பிடித்த முறை. லாக்கை மறந்த ஒரே இடம் வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் கழுத்தைப் பிடிக்கும்.

விழுந்தால் எழுப்ப, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இயல்பான அமைப்பில் பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க முயன்றால் அது கைவிட்டுவிடும். மறுதொடக்க இடைவெளியோ 100 மில்லிவிநாடிதான். பூட் ஆகும்போது எஃப்பி0 வருவதற்குள் நிரல் அவசரப்பட்டு விழுந்தால் ஐந்து வாய்ப்பும் ஒரு விநாடிக்குள் தீர்ந்துவிடும், பிறகு கருப்புத் திரைதான். இடைவெளியை இரண்டு விநாடியாக்கினால் இந்த வரம்பை எட்டாது. உறைந்துபோவதற்கு வாட்ச்டாக் வேண்டும், அதாவது துடிப்பு நின்றால் நிரலை மறுதொடக்கம் செய்யும் காவல். ஆனால் அதற்கான துடிப்பைத் திரை த்ரெட்டிலிருந்து அனுப்ப வேண்டும், தனி த்ரெட்டிலிருந்து அனுப்பினால் திரை செத்தாலும் துடிப்பு வந்துகொண்டே இருக்கும்.

க்யூட்டி (Qt) என்ற இன்னொரு வரைகலை லைப்ரரியின், ஃப்ரேம்பஃபரில் வரையும் லினக்ஸ்எஃப்பி ப்ளகினையும் இடையில் பயன்படுத்தினேன். அங்கே விழுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே: ப்ளாட்ஃபார்ம் ப்ளகின் கிடைக்கவில்லை என்று அபார்ட். ப்ளகின் டீபக் சூழல் மாறியை இயக்கினால் எந்த லைப்ரரி இல்லை என்று பட்டியலிடும். எழுத்தே தெரியவில்லை என்றால் ஃபான்ட் இல்லை என்று பொருள், க்யூட்டி 5இலிருந்து ஃபான்ட்கள் கூட வருவதில்லை. ஓடத் தொடங்கிவிட்டால் நிலையாக இருக்கும். இடம்தான் அதிகம் பிடிக்கும், முழுக்க மென்பொருள் வரைதல் என்பதால் க்யூஎம்எல்லில் (க்யூட்டியின் திரை அமைப்பு மொழி) எழுதிய அனிமேஷன்கள் சோர்வாக நகரும்.

புதிய கருவிகளுக்கு நான் இப்போது எஃப்பி0ஐத் தேர்ந்தெடுப்பதில்லை. எல்விஜிஎல் 9இல் டிஆர்எம் ட்ரைவர் சேர்ந்தே வருகிறது, அதில் பஃபரை நாமே கேட்டு வாங்குவதால் இரண்டாவது பாதி இருக்கிறதா இல்லையா என்ற குழப்பம் இல்லை. எஸ்பிஐ என்ற சில கம்பி இணைப்பில் இணைந்த சின்னத் திரைகளுக்கும், பழைய கர்னலில் ஓடும் கருவிகளுக்கும் மட்டும் ஃப்ரேம்பஃபர் ட்ரைவரை வைத்திருக்கிறேன். அவற்றில் ஒற்றை பஃபர், மெலாக், அபார்ட் செய்யும் அசர்ட், திரை த்ரெட்டிலிருந்து துடிப்பு என்ற அமைப்போடு மாதக்கணக்கில் மறுதொடக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.