ஓட்டுக் கூரையை இறக்கும் முன் இதைப் படியுங்கள்

மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு கிராமத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஓட்டுக் கூரையை மாற்றும் வேலையில் நாங்கள் முழுமையாக ஏமாந்தோம். புதிதாக ஏற்றிய மரத்திலும் ஓட்டிலும் மோசடி நடந்தது உண்மைதான். ஆனால் பெரிய இழப்பு அதற்கு முன்பே, பழைய கூரையை இறக்கிய அந்த இரண்டு நாட்களிலேயே ஏற்பட்டுவிட்டது என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் விளங்கியது. ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள், குறிப்பாக வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், தயவுசெய்து இதைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

வீடு என் தாத்தா கட்டியது. முன்கட்டின் நீளம் 36 அடி. இரண்டு பக்கமும் சரிவான கூரை, பின்னால் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தோடு கூடல்வாயில், அதாவது இரண்டு சரிவுகள் சந்தித்து மழைநீர் இறங்கும் பள்ளத்தில், சேர்கிறது. கூரையின் உச்சியில் ஓடும் மோட்டு விட்டமும் உத்திரங்களும் தேக்கு. உச்சியிலிருந்து சுவர் வரை சரிவாக இறங்கும் கைமரங்கள் எல்லாம் வைரம் பாய்ந்த, அதாவது நன்றாக முற்றிக் கெட்டிப்பட்ட, பனை. மேலே இருந்தது சீமை ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியாகத் தென்னிந்தியா முழுவதும் பரவிய அந்த ஓடு நன்றாகச் சுட்டதாக இருந்தால் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தாங்கும். மாடிவீடு வந்த பிறகும் பழைய ஓட்டுக்கும் பழைய மரத்துக்கும் சந்தையில் விலை இருப்பதற்கு அதுவே காரணம். இந்த ஒரு செய்தி எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். முந்தைய ஐப்பசியில் நான்கு இடங்களில் ஒழுகியதால் கூரையைப் பார்க்கச் சொல்லி, உறவினர் ஒருவர் மூலம் வந்த ஒப்பந்தக்காரரை அழைத்தோம். அவர் ஏணியில் ஏறி, வாசல்புறச் சுவரில் படிந்திருந்த ஒரு கைமரத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். பழுப்பு நிறத்தில் பொடி உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி அம்மாவிடம் காட்டி, "பாருங்கம்மா, மரமெல்லாம் உளுத்துப்போச்சு, அடுத்த மழைக்கு மொத்தமும் தலையில இறங்கிடும்" என்றார். அம்மா பயந்துபோய் அன்று இரவே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் சென்னையில் இருந்தபடியே சரியென்று சொல்லிவிட்டேன். வேறு ஓர் ஆசாரியை அழைத்து இரண்டாவது கருத்துக் கேட்கவில்லை. என் தவறுகளில் முதன்மையானது அதுதான்.

மரம், ரீப்பர் (ஓடு உட்காரக் கைமரங்களின் மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்), ஓடு, கூலி எல்லாம் சேர்த்து 4,85,000 ரூபாய் என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னார். எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தரவில்லை. பழைய சாமான்களைத் தாமே அப்புறப்படுத்திக்கொள்வதாகவும், அதனால் எங்களுக்கு வண்டி வாடகை மிச்சம் என்றும், அதற்காக 15,000 ரூபாயைக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். கேட்கும்போது அது ஒரு சலுகையாகவே பட்டது. வங்கி வழியாக 2,00,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன்.

ஆவணிக் கடைசியில் ஆறு ஆட்கள் வந்து இரண்டே நாளில் முன்கட்டை மொட்டையாக்கிவிட்டார்கள். இறக்கிய ஓட்டையும் மரத்தையும் முற்றத்தில் அடுக்கக்கூட இல்லை. இறக்க இறக்க வாசலில் நின்ற வண்டியில் ஏற்றி, இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். "மோட்டு விட்டத்தையாவது விட்டுட்டுப் போங்கப்பா, அது என் மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கின மரம்" என்று அம்மா கேட்டிருக்கிறார். உளுத்த மரத்தை வீட்டில் வைத்தால் புது மரத்துக்கும் பரவிவிடும் என்று சொல்லி அதையும் ஏற்றிவிட்டார்கள்.

புது மரம் அப்போது வரவே இல்லை. செங்கோட்டையில் மரம் ஏற்றியாகிவிட்டது, லாரிக்காரருக்கு உடனே கொடுக்க வேண்டும் என்று சொல்லி அம்மாவிடம் 70,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனவர், அதன் பிறகு அலைபேசியை எடுப்பதையே குறைத்துக்கொண்டார். முன்கட்டு 37 நாட்கள் வானம் பார்த்துக் கிடந்தது. ஐப்பசி மழை தொடங்கிய அன்று இரண்டு தார்ப்பாய்களைக் கொண்டுவந்து சுவர்களின் மேல் விரித்துச் செங்கல்லைப் பாரமாக வைத்துவிட்டுப் போனார்கள். காற்றில் ஒன்று பறந்துபோனது. மற்றொன்றில் தண்ணீர் குளம்போலத் தேங்கி நடுக்கூடத்தில் கொட்டியது. சுவர் மண்சாந்தில் கட்டிய செங்கல் சுவர். கூரை இருக்கும்வரை அதன் தலைப்பாகம் நனையவே நனையாது. மேலிருந்து தண்ணீர் இறங்கியதும் மேற்குச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஆளுயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அம்மா அந்த நாட்கள் முழுவதும் அடுப்படியில் பாயை விரித்துப் படுத்தார்.

கார்த்திகையில் மரம் வந்தது. கைமரங்களை நிறுத்தி ரீப்பர் அடித்த அன்று நான் ஊரில் இருந்தேன். ஆணி இறங்கிய இடங்களில் மரத்திலிருந்து ஈரம் கசிந்து ஆணித்தலையைச் சுற்றி வட்டமாகத் தெரிந்ததை நானே பார்த்தேன். மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது வெட்டிச் சில வாரங்கள்கூட ஆகாத பச்சை மரம் என்றும், பாதிக்கு மேல் வைரமே இல்லாத வெளிறு என்றும் பின்னால்தான் தெரிந்தது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், பாரத்துக்கு வளையும். வெளிற்றைப் பூச்சி முதலில் தேடி வரும்.

ஓட்டிலும் இரண்டு ஆலைகளின் ஓடுகளைக் கலந்து இறக்கியிருந்தார்கள். சீமை ஓடு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பு உடையது. ஆலைக்கு ஆலை அளவும் வரம்பும் சற்றே மாறுவதால், கலந்து போட்டால் அந்தப் பூட்டு உட்காராது. ரீப்பர்களின் இடைவெளியும் ஒரே சீராக இல்லை. உட்காராத ஓடுகளை உட்கார வைப்பதற்காக, அடிப்புறத்தில் ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும் மூக்கைச் சுத்தியலால் தட்டி உடைத்துவிட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி மூக்கு உடைந்த ஓடு சரிவில் சும்மா படுத்திருக்கிறது; பலத்த காற்றோ குரங்கோ அசைத்தால் நழுவிவிடும். கூடல்வாயில் அகலமான தகரத்தை இரு ஓரமும் மடித்துப் போட வேண்டிய இடத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான மெல்லிய தகரத்தை மடிப்பே இல்லாமல் செருகியிருந்தார்கள்.

தை மாதம் கணக்கு முடிக்கும்போது 1,450 சதுர அடிக்கும் 2,300 ஓட்டுக்கும் விலை போட்டு, முதலில் பேசிய தொகைக்கு மேல் கூடுதலாகவும் கேட்டார். கூரையின் அளவை யாரும் வீட்டிலிருந்தே சரிபார்க்க முடியும். கைமரத்தின் நீளத்தை வீட்டின் நீளத்தால் பெருக்கி, இரண்டு சரிவுக்கும் சேர்த்தால் போதும். எங்கள் கைமரம் 16 அடி. ஆகவே 36 × 16 × 2, அதாவது 1,152 சதுர அடி. சீமை ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 பிடிக்கும். உடைசலையும் சேர்த்து 1,700 ஓடு தாராளம். இந்தப் பெருக்கலை நான் செய்தது அவருக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிய பிறகு.

சித்திரை வெயிலில் மரம் காயத் தொடங்கியது. ஆனியில் வாசலில் நின்று பார்த்தாலே ஓட்டு வரிசை நேர்கோடாக இல்லாமல் அலையலையாகத் தெரிந்தது. அதற்குள் அம்மாவுக்கு வேறொரு வேலையும் சேர்ந்துவிட்டது. தினமும் காலையில் கூடத்தைப் பெருக்கும்போது, கைமரங்களுக்கு நேர் கீழே கோடு போட்டதுபோல் மஞ்சள் மாவு கிடக்கும். விரலால் தொட்டால் கோலமாவைவிட மெல்லியதாக இருக்கும். பெருக்கி அள்ளினால் மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. அடுத்த ஐப்பசியில் பதினொரு இடங்களில் ஒழுகியது. பழைய கூரை நான்கு இடங்களில்தான் ஒழுகியது என்பதை நினைத்து அம்மா அழுதார்.

பக்கத்து ஊரிலிருந்து முதிய ஆசாரி ஒருவர் வந்து பார்த்தபோதுதான் எல்லாம் வெளிச்சமானது. மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பதற்காக அம்மா எடுத்து வைத்திருந்த மூன்றடிப் பனங்கைமரத் துண்டு ஒன்று மட்டும் வண்டியில் ஏறாமல் தப்பியிருந்தது. சுவரில் படிந்திருந்த முனை அது. ஆசாரி அதைத் தரையில் கிடத்தி உளியை வைத்து அடித்தார். முனையில் அரையடிக்கு மெத்தென்று உளி இறங்கியது. அதைத் தாண்டியதும் கல்லில் அடித்ததுபோல் உளி எகிறியது. செதுக்கிய இடம் கறுப்பும் பழுப்புமான நார்க்கோடுகளுடன் பளபளத்தது. "மூஞ்சி மட்டும்தான் தம்பி போயிருக்கு, மரம் அப்படியே இருக்கு" என்றார். ஓட்டு இறவாரத்தில் தண்ணீர் பட்டு, சுவரில் படியும் முனை மட்டும் உளுப்பது எல்லாப் பழைய வீட்டிலும் உள்ளதுதான் என்றும், அந்த முனைகளை வெட்டிவிட்டு ஒட்டுமரம் கொடுத்து, உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தால் வேலை பத்து நாளில் முடிந்திருக்கும் என்றும் விளக்கினார். நல்ல தேக்கு விட்டத்தையும் வைரப் பனையையும் மொத்த ஓட்டையும் 15,000 ரூபாய்க்கு நாங்கள் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். அந்த ஒப்பந்தக்காரருக்கு வருமானம் எங்கள் வீட்டைக் கட்டுவதில் இல்லை, பிரிப்பதில்தான் இருந்திருக்கிறது.

கூரை மாற்றும் வேலை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் சில தொல்லைகள் இருக்கும். அவற்றைக் கண்டு யாரும் சந்தேகப்பட வேண்டாம். பல பத்தாண்டுப் புகைக்கரியும் எலிக்கூடும் அணில்கூடும் வீடு முழுவதும் கொட்டும். ஆகவே நெல், துணி, சாமிப்படம் எல்லாவற்றையும் முன்பே வேறு கட்டுக்கு மாற்றிவிட வேண்டும். விட்டத்தில் தொங்கும் மின்விசிறியையும் வயர்களையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்ற வேண்டும். கூரையைத் தொட்டு வரும் மின்வாரிய சர்வீஸ் கம்பி இருந்தால் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துத் துண்டித்த பிறகே ஆள் ஏற வேண்டும். பிரித்த பிறகு சுவர்த் தலையில் விரிசலோ கரையான் புற்றோ தெரிந்து செலவு சற்றுக் கூடுவதும் உண்டு. ஆனால் பிரித்த மரத்தை உங்களுக்குக் காட்டாமலே வண்டியில் ஏற்றுவது இந்தத் தொல்லைகளில் சேராது.

இந்த ஆண்டு பங்குனியில் அந்த முதிய ஆசாரியை வைத்தே வேலையை மறுபடி செய்தோம். காய்ந்த மரமும் ஒரே ஆலையின் ஓடும் களத்தில் வந்து இறங்கி, அம்மா எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் கூரையில் கை வைத்தார். முதலில் மோட்டு ஓடு, பிறகு மேலிருந்து கீழாக மற்ற ஓடுகள் என்று இறக்கி, உடையாதவற்றைச் சுவரோரம் நிறுத்தி அடுக்கினார். ஒவ்வொரு கைமரத்தையும் இறக்கி எங்கள் முன்னிலையில் சுத்தியலால் தட்டிச் சத்தம் பார்த்து, தேறும், தேறாது என்று சாக்கட்டியால் எழுதினார். ஒரு நாளில் மூட முடிகிற அளவுக்கு மட்டுமே பிரித்தார். அவருடன் எழுதிக்கொண்ட தாளில் மூன்று விஷயங்களைச் சேர்த்தோம்: இறக்கும் பொருள் அனைத்தும் வீட்டுக்காரருக்கே சொந்தம், புதுப்பொருள் வந்து எண்ணி முடியும்வரை பழைய கூரையைத் தொடக்கூடாது, பணம் வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்ப வங்கி வழியாக மட்டுமே. அவர் மறுப்பேதும் சொல்லாமல் கையெழுத்திட்டார். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை யார் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் ஓட்டைப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மறுவேலையைத் தொடங்கும் முன், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, வளைந்த மரம், மூக்கு உடைந்த ஓடு, கூடல்வாய்த் தகரம் ஆகியவற்றைப் படத்துடன் எழுத்தறிக்கையாக வாங்கிக்கொண்டோம். நீங்களும் இதைத் தவறவிடக் கூடாது. பழுதைச் சரிசெய்துவிட்டால் பழுது இருந்ததற்கான சாட்சியம் போய்விடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவைதான். குறைபாடு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

எங்கள் புகார் ஏற்கப்பட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. வங்கி வழியாக அனுப்பிய தொகைக்கும் பொறியாளரின் அறிக்கைக்கும் ஆதாரம் இருக்கிறது. மோட்டு விட்டத்துக்கும் கைமரங்களுக்கும், அவை எத்தனை, என்ன மரம், எவ்வளவு நீளம் என்று காட்ட ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லாததால், கொட்டகையில் மிஞ்சிய மூன்றடித் துண்டை மட்டும் சாட்சியமாகக் கொடுத்திருக்கிறோம். அம்மா ரொக்கமாக எண்ணிக் கொடுத்த 70,000 ரூபாய்க்கு ரசீது இல்லை; அதைப் புகாரில் எழுதியிருந்தாலும் அதை நிரூபிப்பது கடினம் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.