நோவா: வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரி பற்றிய மதிப்பீடு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1965இல் தொழில்நுட்பக் கல்லூரியாக வகுப்புகளைத் தொடங்கிய, இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் நோவாவுக்கு இன்று அலெக்சாண்ட்ரியா, அனன்டேல், லவுடன், மனாசஸ், உட்பிரிட்ஜ் ஆகிய இடங்களிலும், மருத்துவக் கல்விக்கெனத் தனியாக ஸ்பிரிங்ஃபீல்டிலும் வளாகங்கள் உள்ளன. எல்லாப் பாடங்களும் எல்லா வளாகங்களிலும் கிடைப்பதில்லை என்பதால், சேரும் முன்பே எந்தப் படிப்பு எங்கே நடக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மாலை நேரத்தில் இவ்வட்டாரத்தின் 66ஆம் எண் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இக்கல்லூரியின் உண்மையான பலம், வட்டாரப் பொருளாதாரத்தோடு பாடத்திட்டத்தைப் பிணைத்திருப்பதுதான். உலகிலேயே தரவு மையங்கள் (இணையத் தரவுகளைச் சேமித்து இயக்கும் சர்வர் கணினிகள் நிறைந்த கட்டடங்கள்) மிக அடர்த்தியாக உள்ள இடங்களில் ஒன்றான லவுடன் மாவட்டத்தைக் கருத்தில்கொண்டு, மின்வழங்கல், குளிரூட்டல், சர்வர் பராமரிப்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் தரவு மைய இயக்கப் படிப்பை இங்கே நடத்துகிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் பல் சுகாதாரம் பயிலும் மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில் பொதுமக்களுக்கே பல் சுத்தம் செய்து பழகுகிறார்கள்.

இரண்டு ஆண்டுகள் இங்கே படித்துவிட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான அட்வான்ஸ் திட்டம், செலவைக் கணக்கிடும் குடும்பங்களுக்கு மிகவும் ஏற்றது. எனினும், இவ்வட்டாரம் அமெரிக்க மத்திய அரசையும் அதன் ஒப்பந்த நிறுவனங்களையும் பெரிதும் நம்பியிருப்பதால், அரசு செலவைக் குறைக்கும்போது அலுவலகப் பணிக்கான படிப்புகளைவிடச் செவிலியர் படிப்பே பாதுகாப்பானது என்பது என் கருத்து. மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தைப் பெற, பொதுவாக ஓராண்டு வர்ஜீனியாவில் நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும்.