ஒரிஜினல் எஞ்சின் உள்ள பழைய வண்டி வெச்சிருக்கீங்களா? மெஷின் ஷாப்ல குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எஞ்சினைக் கடைஞ்சு சரிபண்ற மெஷின் ஷாப் ஒண்ணுல எனக்கு நடந்ததைச் சொல்றேன். கடை பேரை நான் இங்க போடல, ஆனா டெட்ராய்ட் சுத்துவட்டாரத்துல பிக் ப்ளாக் எஞ்சினை (பெரிய வகை வி8) ரீபில்டுக்கு, அதாவது பிரிச்சுப் புதுசாக்கறதுக்கு, குடுக்க நினைக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க, எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது.

என்னோடது 1969 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 கார், 350 குதிரைசக்தி எஞ்சின். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து காசு சேத்து வாங்கினது. வண்டி ஃபேக்டரியை விட்டு வெளிய வந்தப்ப இருந்த அதே எஞ்சின், நம்பர்ஸ் மேட்சிங்னு சொல்வாங்களே அது. அதைக் காட்டற நம்பர் எங்க இருக்குன்னா, பாசஞ்சர் சைடு ஹெட்டுக்கு (சிலிண்டரை மேல மூடற பாகம்) முன்னாடி, ப்ளாக்ல (சிலிண்டர் எல்லாம் இருக்கற எஞ்சின் உடம்பு) விரல் அகலத்துக்கு ஒரு சின்ன தட்டையான இடம் இருக்கும், அதுக்குப் பேரு பேட், அதுல டி-ன்னு ஆரம்பிச்சு, அதாவது நியூயார்க் மாநிலத்துல இருக்கற டோனவாண்டா ப்ளான்ட், அப்புறம் தேதி, கோடு எல்லாம் அடிச்சிருக்கும். கவனிக்க வேண்டியது என்னன்னா ஹெட் உக்கார்ற ஃபேஸும் இந்த பேடும் ஒரே மட்டம். ப்ளாக்குக்கு ஃபேஸிங் அடிக்கிறவன், அதாவது மேல்பரப்பை கட்டரால சீவி மட்டமாக்கறவன், பேடுக்கு முன்னாடி கட்டரை நிறுத்தணும், நிறுத்தத் தெரிஞ்சவங்க நிறுத்துவாங்க.

இவங்க நிறுத்தல. முழுசா ஓட்டிட்டாங்க. 55 வருஷம் இருந்த நம்பர் ஒரே பாஸ்ல போயிடுச்சு. நான் போய்ப் பாத்தப்ப அந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, எனக்குப் பேச்சே வரல. அதுக்கு அந்த ஆளு சொன்ன பதில்தான் இன்னும் மோசம், "அதே நம்பரை திருப்பி அடிச்சுத் தர்றேன், யாருக்குத் தெரியப்போகுது"ன்னான். தெரியும்ங்க. ஃபேக்டரில ப்ரோச் பண்ணப்ப, அதாவது பல்லு வெச்ச கட்டரால சீவினப்ப, விழுந்த மெல்லிசான கோடுங்க அந்த பேடு மேல இருக்கும், விஷயம் தெரிஞ்சவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க. அது மேல பொய் நம்பர் அடிச்சா மோசடி, எனக்கு அது வேண்டாம்னு சொல்லிட்டேன்.

நாலு மாசம்னு சொன்ன வேலை 13 மாசம் இழுத்துச்சு. மொத்தம் 9,800 டாலர், அதுல 4,000 அட்வான்ஸ். ஒருவழியா வண்டில ஏத்தி ஓட்டினேன், 300 மைல்கூட ஆகல, ஒரு பக்கம் டக் டக்னு சத்தம், கார்புரேட்டர் வழியா பட்டு பட்டுன்னு திருப்பி அடிக்குது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சா மடிப்பு முழுக்க இரும்புத்தூள். வேற ஷாப்ல குடுத்து அவுத்துப் பாத்தா, கேம் (வால்வுகளைத் திறக்கற தண்டு) புதுசு, அதோட மேடுங்க, அதாவது லோபுங்க, தள்ளற லிஃப்டர் பழசு! ஃப்ளாட் டாப்பெட் கேம்ல, அதாவது லிஃப்டர் உருளை இல்லாம லோப் மேலயே உரசற வகைல, இது செய்யவே கூடாத வேலை, ஏன்னா ஒவ்வொரு லிஃப்டரும் அதோட லோபுக்கு ஏத்த மாதிரி தேஞ்சிருக்கும், புது கேம் போட்டா புது லிஃப்டர்தான் போடணும், ஸிங்க் அதிகம் உள்ள ப்ரேக்-இன் ஆயில் (புது பாகம் பழகறதுக்கான ஆயில்) ஊத்தி, ஸ்டார்ட் ஆன உடனே ஐடில்ல விடாம 2,000-லேர்ந்து 2,500 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் வெச்சு எடுக்கணும். ஒரு எக்ஸாஸ்ட் லோப் முழுசா வழிச்சுப் போயிருந்துச்சு, அந்தத் தூள் போய் பேரிங்கையும் கீறிடுச்சு. இதுல ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின, உறுதியான) பிஸ்டன்னு பில் போட்டுட்டு உள்ள போட்டிருந்தது காஸ்ட் (அச்சுல வார்த்த) பிஸ்டன்.

ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு, அதாவது டெட்ராய்ட் பக்கம் வருஷா வருஷம் நடக்கற பழைய வண்டி ஊர்வலத்துக்கு, அப்பாவை முன் சீட்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். அதுக்காகவே ஊர்லேர்ந்து வந்தாரு. ரோட்டோரமா சேர் போட்டு மத்தவங்க வண்டியைப் பாத்துட்டு, "பரவால்லப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. அவருக்கு 74 வயசு.

ப்ளாக் குடுக்கறீங்கன்னா முதல்ல பேடைத் துடைச்சுட்டு கிட்டக்க வெச்சு தெளிவா ஃபோட்டோ எடுங்க, என்கிட்ட, வண்டி வாங்கின அன்னிக்கு நான் எடுத்த மங்கலான ஒண்ணுதான் இருக்கு. "பேடைத் தொடக்கூடாது"ன்னு ஆர்டர்லயே எழுதி கையெழுத்து வாங்குங்க. பிஸ்டன் வந்த டப்பாவையும் கிளியரன்ஸ் அளவு (பாகங்களுக்கு நடுவுல விட்ட இடைவெளி) எழுதின ஷீட்டையும் கேளுங்க, தர மாட்டேன்னா ப்ளாக்கைத் தூக்கிட்டு வந்துருங்க.

பில்லு, செக் காப்பி எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், கோர்ட்டுக்குப் போறதா முடிவு பண்ணிட்டேன். லிஃப்டருக்கும் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் தொகை எழுதிட்டேன், அந்த பேடுக்கு எவ்வளவுன்னு எழுதறதுன்னுதான் தெரியல.