குவைத் முகாம் ஸ்டோரா, டுபாய் கம்பெனி ஸ்டோரா?

சித்தப்பா மகனுக்கு இந்த மாதம் இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று டுபாய் ஜெபல் அலியில் ஒரு தனியார் களஞ்சியம். மற்றது குவைத்தில் அமெரிக்க இராணுவத்தின் கேம்ப் அரிஃப்ஜானில், ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் கீழ் ஸ்டோர் வேலை. 2017இல் என் முன்னாலும் இதே இரண்டுதான் இருந்தன. அப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். முகாமுக்குப் போனேன், ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தேன். ஆகவே நான் முகாம் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். டுபாயைப் பற்றிச் சொல்வது எட்டு வருடமாக அங்கே இருக்கும் மச்சான் சொல்லக் கேட்டது.

வெயிலும் அறையும் சாப்பாடும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். லீவு நாளில் வெளியே போய்வர டுபாய் நல்லது. முகாமில் பாஸ் கிடைப்பதற்கே விசாரணை, காத்திருப்பு. உள்ளே ஒரு படம்கூட எடுக்க முடியாது.

வேலைதான் வேறு மாதிரி. ஜெபல் அலியில் காலையில் கண்டெய்னர் வரும், மாலைக்குள் சாமான் லொறி ஏற வேண்டும். மச்சானின் நாள் முழுக்க வேகம்தான். முகாமில் சாமான் காத்துக்கொண்டிருக்கும். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அமெரிக்கா தன் டாங்கிகளையும் லொறிகளையும் கப்பலில் கொண்டுவந்து சேர்க்க மாதக்கணக்கில் ஆனது. அதற்குப் பிறகு ஒரு கவசப் படையணிக்கு வேண்டிய வாகனங்களையும் உதிரிப்பாகங்களையும் குவைத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாளைக்கே சண்டை என்றால் சிப்பாய்கள் மட்டும் விமானத்தில் வந்து இறங்கினால் போதும். 2011இல் ஈராக்கை விட்டு வெளியேறியபோதும் வாகனங்கள் வரிசை வரிசையாக குவைத் வழியாகத்தான் வந்தன. அமெரிக்காவுக்குத் திரும்பும் வாகனத்தில் வேற்று நாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது என்பதால், கப்பலில் ஏற்றுமுன் டயர் இடுக்குவரை கழுவி, சோதித்துத்தான் அனுப்புவார்கள்.

காத்திருக்கும் சாமானைக் கெடாமல் பார்ப்பது லேசான வேலை இல்லை. பேட்டரி இறங்கும், ரப்பரில் வெடிப்பு விழும், சீலுக்குக் காலாவதித் திகதி உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் 13 இலக்க எண் இருக்கிறது. முதல் நான்கு இலக்கம் என்ன வகைச் சாமான் என்று காட்டும், அடுத்த இரண்டு எந்த நாடு அந்த எண்ணைப் பதிந்தது என்று காட்டும். ஈரம் ஏறினால் தூள் போய்விடும் என்று பயந்து பயந்து தேயிலை ஸ்டோரைப் பார்த்தவன் எனக்கு அந்த வேலை உடனே பிடித்துப்போனது.

ஆனால் நான் முகாமைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதுவும் இல்லை, சம்பளமும் இல்லை. கடன்.

நம் ஆட்கள் வெளிநாடு போவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும், மைக்ரோ கடன் எடுப்பார்கள், மிச்சம் வட்டிக்கு வாங்குவார்கள். முதல் வருடச் சம்பளம் அதைக் கட்டவே சரி. தாத்தா காலத்தில் இதற்குத் துண்டு என்று பெயர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்த கங்காணியிடம் பட்ட கடன் அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும், அதைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஏஜென்சிக் கடனோடு குவைத்தில் வந்து இறங்கிய பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். வேலை போனால் கடனை யார் கட்டுவது?

டுபாயிலும் தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புப் பணம் வாங்கக் கூடாது என்றுதான் சட்டம். ஆனால் பணம் இங்கே, நம் டவுனிலேயே கைமாறிவிடுகிறது, அங்கே யாருக்கும் தெரிவதில்லை. அமெரிக்க அரசின் ஒப்பந்த வேலையில் கொஞ்சம் பிடி இருக்கிறது. 2012இல் ஒபாமா போட்ட ஆணையையொட்டி 2015இல் அவர்களுடைய கொள்முதல் விதிகளை இறுக்கினார்கள். தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. வேலை விவரங்களைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுதி, புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பே கையில் தர வேண்டும். வேலை முடிந்தால் ஊர் திரும்பும் டிக்கெட் அவர்கள் பொறுப்பு. மீறினால் கம்பெனியின் ஒப்பந்தத்துக்கே ஆபத்து.

எனக்கும் அது சும்மா கிடைக்கவில்லை. சப் ஏஜென்ட் ஒருவர் புரோசெஸிங் என்று சொல்லி மூன்று லட்சம் கேட்டார். முதலில் ஒரு லட்சம் கொடுத்தும்விட்டேன். பிறகுதான் விதியைப் படித்தேன். கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன், பற்றுச்சீட்டின் படத்தையும் அனுப்பினேன். ஆறு வாரத்தில் பணம் திரும்பி வந்தது. ஒப்பந்தம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழில் வேண்டும் என்று கேட்டேன், அதுவும் வந்தது. கேட்காமல் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள் என் அறையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். விதி இருந்தால் மட்டும் போதாது, பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், காப்புறுதி. 1941இல் வந்த ஓர் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டு முகாமில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி எந்த நாட்டவராக இருந்தாலும், வேலையில் காயம் பட்டால் வைத்தியச் செலவும் இழப்பீடும் உண்டு. என் கூட வேலை செய்த நேபாளத்துப் பையனின் கால் பலகைக் கட்டின் கீழ் மாட்டியபோது அதில்தான் செலவு பார்த்தார்கள்.

சரி, முகாமின் குறை என்ன? கம்பெனி மாறும். இராணுவம் வேலையை டெண்டரில் விடுகிறது. வேறு கம்பெனி ஜெயித்தால் விசா மாற்ற வேண்டும், பழைய கம்பெனி விட வேண்டும். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது, இரண்டு மாதம் சம்பளமில்லாமல் முகாமுக்கு வெளியே, குவைத்தின் மஹ்பூலாப் பகுதியில் ஓர் அறையில் கிடந்தேன். வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையும் முதலிலிருந்து ஆரம்பம். குவைத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 15 நாள் சம்பளம், டுபாயில் 21 நாள். இதில் டுபாய்க்குத்தான் மேல். ஒரே முதலாளியிடம் இருக்கும் மச்சான் நிம்மதியாகத்தான் இருக்கிறான்.

அப்புறம் ஆபத்து. 2020 ஜனவரியில் ஈரான் ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணை அடித்தபோது அம்மா மூன்று நாள் தூங்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2025 ஜூனில் கட்டாரின் அல் உதெய்த் தளத்துக்கே ஏவுகணை வந்தது. நான் இருந்த காலத்தை வைத்து இன்றைக்கு ஒருவனிடம் பயமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. இது அவனும் வீட்டாரும் பேசி முடிவெடுக்க வேண்டியது.

தம்பியிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். கம்பெனிக்கும் இராணுவத்துக்கும் உள்ள ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது? கட்டணம் இல்லை என்று கடிதத்தில் எழுதித் தருவார்களா? இரண்டு வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்து, கடிதமும் வந்தால் குவைத். ஒரு வருடத்துக்குள் முடிகிறது என்றால் மச்சானுக்குப் போன் போட வேண்டியதுதான். பதில் இன்னும் வரவில்லை. சித்தியின் சங்கிலி அதுவரை அலுமாரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.