ஒகேனக்கல்ல "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் ண்ணா" பேக்கேஜ் - தயவுசெஞ்சு காசு குடுக்காதீங்க

லீவுக்கு குடும்பத்தோட ஒகேனக்கல் போறவங்க இத படிச்சிட்டு கிளம்புங்க. பென்னாகரம் தாண்டி காட்டு ரோடு இறங்கி ஊருக்குள்ள நுழையுற இடத்துல வண்டி எல்லாம் ஸ்லோ ஆகும்ல, அங்க பைக்க ஓரமா போட்டுட்டு பசங்க நிப்பாங்க. பரிசலா, மீனா, ரூமான்னு கண்ணாடிய தட்டுவாங்க, அது எப்பவும் இருக்கறதுதான், வேண்டாம்னு கைய ஆட்டினா போயிருவாங்க. நான் சொல்ல வந்தது வேற ஆளுங்க. ஃபுல் டே பேக்கேஜ்னு சொல்றாங்க. ஆத்தோரமா காட்டுக்குள்ள நடை, பரிசல், எண்ணெய் மசாஜ், மதியம் மீன் சாப்பாடு, எல்லாம் ஒரே ரேட்டு, நீங்க கையில ஒண்ணும் தூக்க வேண்டாம், சும்மா வந்தா போதும்னு.

நாங்க கிருஷ்ணகிரி. தங்கச்சி குடும்பம் திருப்பூர்ல இருந்து வந்திருந்தாங்க, பெரியவங்க அஞ்சு பேரு பிள்ளைங்க மூணு பேரு, ரெண்டு வண்டி. என் வண்டி நம்ம பக்கத்து நம்பர் டிஎன் 24ங்கறதால அந்த பேக்கேஜ் ஆளு என்ன கண்டுக்கவே இல்ல, பின்னாடி வந்த மாப்ளயோட டிஎன் 39ஐ பாத்ததும் நேரா அங்க போயிட்டான். நான் இறங்கி போறதுக்குள்ள பேசி முடிச்சாச்சு. பெரியவங்களுக்கு ஆளுக்கு 1,200, பிள்ளைங்களுக்கு பாதி, மொத்தம் 7,800, உங்களுக்காக 7,500னு குறைச்சு அட்வான்ஸ் 4,000 ஜிபேல வாங்கிட்டான். அவன் வாயால சொன்ன பேரு ஒண்ணு, ஜிபேல வந்த பேரு இன்னொண்ணு. கேட்டா "அது எங்க சித்தப்பா நம்பர் ண்ணா". சரி விடுன்னு மாப்ள கிளம்பிட்டாரு, லீவுக்கு வந்த மனுஷன்கிட்ட காலங்காத்தால என்னத்த சண்ட போடறது.

முதல்ல நடை. ஆத்தோரமா ரெண்டு மணி நேரம், மணல் திட்டு, பாறை, நிழல் எல்லாம் இருக்கும், பாட்டிகூட நடக்கலாம்னு சொன்னான். ஆரம்பத்துல நெஜமாவே நல்லா இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன், காவிரி அந்தப் பக்கம் பாறைக்கு நடுவுல ஒடுங்கி ஓடற சத்தம், அக்கரையில கர்நாடகா காடு, பிள்ளைங்க குதியா குதிச்சாங்க. கொஞ்ச தூரம் போனதும் வழிய விட்டு மேல புதருக்குள்ள ஏற சொன்னான். அங்க ஒரு பழைய போர்டு, யானை நடமாட்டம் உள்ள பகுதின்னு பாதி எழுத்து அழிஞ்சு கிடக்கு. கேட்டா "அது சும்மா போட்டு வெச்சிருக்காங்க ண்ணா, சத்தம் மட்டும் போடாதீங்க"ங்கறான். சும்மா போட்டதுன்னா எதுக்குடா சத்தம் போட வேண்டாம்? பாறை இடுக்குல காஞ்சு போன யானை லத்தி வேற கிடந்துச்சு. அம்மாவுக்கு முட்டி வலி, தங்கச்சி பையனுக்கு தாகம், தண்ணி பாட்டில் பேக்கேஜ்ல வரும்னு சொன்னது வரவே இல்ல.

அப்பறம் ஃபாரஸ்ட்காரங்க ரெண்டு பேரு எதிர்ல வந்துட்டாங்க. யார கேட்டு உள்ள வந்தீங்கன்னு கேக்கறாங்க, திரும்பி பாத்தா கைட காணோம். ஆளு அப்படியே மாயம். எட்டு பேரு பேந்த பேந்த முழிச்சுட்டு நிக்கறோம். நல்லவேளை, பிள்ளைங்களையும் அம்மாவையும் பாத்துட்டு அபராதம் போடாம திட்டி விட்டாங்க, ரோடு வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டும் போனாங்க. ஒகேனக்கல்ல சுத்தி இருக்கறது காப்புக்காடு, அனுமதி இல்லாம கால் வெக்கக்கூடாது. அதுபோக தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து காட்டையும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர 2022ல காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம்னு அறிவிச்சுட்டாங்க. யானை, சிறுத்தை, ஆத்துல முதலை எல்லாம் இருக்கற இடம். காட்டு நடைதான் வேணும்னா வனத்துறையே 2024 அக்டோபர்ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன்ல புக் பண்ண விடறாங்க, நம்ம பக்கம் வத்தல்மலை இருக்கு, குத்திராயன் இருக்கு, கூடவே பயிற்சி எடுத்த உள்ளூர் ஆளுங்க வருவாங்க. எவனோ பைக்ல நிக்கறவன நம்பி புதருக்குள்ள போகவே வேண்டாம்.

ரோட்டுக்கு வந்தா நம்ம ஆளு பைக் மேல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கான். "நான் ஃபாரஸ்ட்டுக்கு போன் பண்ணி பேசிட்டேன் ண்ணா, அதனாலதான் உங்கள விட்டாங்க"ங்கறான். வாயி மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டு போயிரும்.

அடுத்து பரிசல். கவுண்டர்ல போனா டிக்கெட்டுக்கு தனியா காசு கேக்கறாங்க. பேக்கேஜ்ல பரிசல் இருக்குன்னியேப்பான்னு மாப்ள கேட்டா, "அது கவர்மெண்ட் டிக்கெட் ண்ணா, அது பேக்கேஜ்ல வராது, பேக்கேஜ்ல வர்றது என் சர்வீஸ்". என்ன சர்வீஸுன்னா கவுண்டர கை காட்டறது. அத அங்க இருக்கற போர்டே செய்யுது. ரெண்டு பரிசலுக்கு நாங்களேதான் டிக்கெட் எடுத்தோம். கட்டணம் அப்பப்ப மாத்தறாங்க, அதனால நான் நம்பர் போடல, கவுண்டர் போர்ட்ல இருக்கறத மட்டும் குடுத்து ரசீது வாங்கிக்கோங்க.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், பரிசல் ஓட்டின பெரியவர் மேல ஒரு குறையும் இல்ல. எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி வார இழுத்து செக் பண்ணி, சின்னவனோடது லூஸா இருக்குன்னு திருப்பி அனுப்பி வேற எடுத்துட்டு வர வெச்சாரு. 2015ல பரிசல் கவுந்து ஒரே குடும்பத்துல பல பேரு செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஜாக்கெட் இல்லாம எவன் ஏத்தினாலும் ஏறாதீங்க. நடு ஆத்துல ஒரு சுத்து சுத்தி காமிச்சாரு, பிள்ளைங்க கத்தின கத்துல அருவி சத்தமே அமுங்கிடுச்சு. அவருதான் சொன்னாரு, "இந்த மாதிரி பசங்க எங்ககிட்டயும் கமிஷன் கேக்கறாங்க சார், குடுக்கலன்னா இந்த ஆளு பரிசல் ஓட்டைன்னு சொல்லி கஸ்டமர திருப்பி விடறாங்க". மேல கர்நாடகாவுல கபினி, கேஆர்எஸ் டேம்ல தண்ணி திறந்து, ஆத்துத் தண்ணிய அளக்கற பிலிகுண்டுலுல அளவு ஏறிச்சுன்னா கலெக்டர் தடை போட்டுருவாங்க, அப்ப நாள்கணக்கா பரிசல கவுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கணும், ஓடற நாள்ல வர்றதுலயும் இவனுங்க பங்கு. கேக்கவே கடுப்பா இருந்துச்சு.

மசாஜ் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, பேக்கேஜ்ல மசாஜ் உண்டாம் எண்ணெய் கிடையாதாம். மாப்ள வெறும் தோள காமிச்சுட்டு உக்காந்து யோசிச்சதுதான் மிச்சம். எண்ணெய்க்கு 300.

இப்ப மீனுக்கு வர்றேன், எனக்கு வயித்தெரிச்சலே இதுதான். ஒகேனக்கல்ல வழக்கம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், அங்க மீன நம்மளே வாங்கி, வெட்டி க்ளீன் பண்ண குடுத்து, அப்பறம் சமைச்சு குடுக்கற அக்காங்ககிட்ட குடுத்துட்டா அவங்க மசாலா போட்டு வறுத்து, குழம்பு வெச்சு, சோறு வடிச்சு குடுத்துருவாங்க, கிலோ கணக்குல கூலி. கண்ணு முன்னாடி விறகு அடுப்புல வேகும், அந்த ருசிக்குதான் போறதே. இவன் என்ன பண்ணான், மீன் எங்க முன்னாடியே வாங்கினான், ரெண்டு கட்லா, நல்லா பெருசு, செவுள தூக்கி காமிச்சான், ரத்த சிவப்பா இருந்துச்சு, தராசுல 3 கிலோ 200. அதுக்கும் காசு நாங்கதான் குடுத்தோம், பேக்கேஜ்ல சமையல் கூலி மட்டும்தானாம். சரி, கூடைய வாங்கிட்டு, "நம்ம அக்கா ஒருத்தங்க பின்னாடி தெருவுல இருக்காங்க, இங்க கூட்டம், நீங்க மெயின் அருவில குளிச்சுட்டு வாங்க, ரெடியா இருக்கும்"னு எடுத்துட்டு போயிட்டான்.

குளிச்சுட்டு வந்து இலைய போட்டு உக்காந்தா வறுவல் வருது, சின்ன சின்ன துண்டு. எங்கம்மா எங்க ஊரு கேஆர்பி டேம் மீன் சாப்பிட்டு வளந்தவங்க, மீன் விஷயத்துல அவங்கள ஏமாத்த முடியாது. ஒரு துண்ட எடுத்து முள்ள பிரிச்சு இலை ஓரமா வரிசையா வெச்சாங்க. "ஏன்டா, ஒன்றரை கிலோ கட்லாவுல துண்டு போட்டா நடுமுள்ளு கட்டவிரல் தண்டிக்கு இருக்கும், இது தீக்குச்சி மாதிரி இருக்கு, இது ஜிலேபி மீனுடா"ன்னாங்க. முதுகு பக்கம் தோல திருப்பி காமிச்சாங்க, கருகருன்னு, செதில் எடுத்த தடமே சின்ன சின்னதா இருக்கு. கட்லாவுக்கு செதிலு எட்டணா காசு அகலம் இருக்கும்ல.

அதோட விடல. குழம்பு சட்டிய இழுத்து கரண்டிய விட்டு துழாவினாங்க. ஒரு தலைதான் வந்துச்சு.

"தம்பி, ரெண்டு மீனு வாங்கினோம்ல, இன்னொரு தல எங்கப்பா?"

"தலைய கழிச்சுருப்பாங்க ம்மா"

"சரி, வால்?"

அவன்கிட்ட பதில் இல்ல. வாலும் ஒண்ணுதான் இருந்துச்சு. அதாவது ஒரு முழு கட்லாவ எங்கயோ தள்ளிட்டு, அதுக்கு பதிலா விலை கம்மியான ஜிலேபிய வறுத்து எங்க இலையில போட்டிருக்கான். சமைச்ச அம்மாகிட்ட நேர்ல போய் கேட்டேன், அவங்க பாவம், "அந்த தம்பி குடுத்தத நான் ஆக்கினேன் சார், எனக்கு ஒரு பெரிய மீனும் இந்த சின்ன மீனுங்களும்தான் வந்துச்சு"ன்னு பாத்திரத்த கழுவிட்டே சொன்னாங்க. அவங்களுக்கு கூலி குடுத்தானான்னு கேட்டா, அதையும் சார்கிட்ட வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கான்! அத குடுத்துட்டுதான் வந்தேன், அவங்க உழைச்சதுக்கு அவங்க வாங்கணும்ல.

இந்த கூத்து முடிஞ்சதும் மீதி 3,500 குடுங்கன்னு கை நீட்டறான் பாருங்க. மாப்ள பொறுமையான ஆளு, அவரே சட்டைய மடிச்சுட்டாரு. நான் நடுவுல போயி, வா ஸ்டேஷன்ல வெச்சு குடுக்கறேன்னு சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல பைக் காணோம். நாங்க ஸ்டேஷனுக்கு போனோம். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், போன் நம்பர், மீன் கடைக்கு முன்னாடி தங்கச்சி பொண்ணு எடுத்த போட்டோ, அதுல தராசு நம்பரோட ரெண்டு கட்லாவும் அழகா தெரியுது. அங்க இருந்தவர் அந்த நம்பருக்கு அவரு போன்ல இருந்து கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசினாரு, நாங்க தருமபுரி வந்து சேர்றதுக்குள்ள 2,500 திரும்ப ஏறிடுச்சு. அதனால போட்டோ எடுங்க, மீன் வாங்கும்போது தராசோட எடுங்க, காச கையில குடுக்காதீங்க, ஜிபேல போடுங்க. வெட்டற இடத்துல இருந்து அடுப்பு வரைக்கும் வீட்ல ஒரு ஆளு கூடையோட கூடவே நிக்கட்டும், மத்தவங்க குளிக்கட்டும். வெட்டற இடத்துக்கு பக்கத்துலயே வெளிப்படையா சமைக்கற அக்காங்க நிறைய பேரு இருக்காங்க, கூலிய முன்னாடியே பேசிட்டு அவங்ககிட்டயே நேரா குடுங்க. தொங்கு பாலத்து பக்கம் இலைய விரிச்சுட்டு உக்காராதீங்க, குரங்கு தொல்லை, ஆனா அது பொரிச்ச மீன தூக்கிட்டு போனாலும் நம்ம கண்ணு முன்னாடிதான் தூக்கும்.

நேத்து ராத்திரி அந்த நம்பர்ல இருந்து வாட்ஸ்அப் வருது, "ண்ணா சாரி ண்ணா, அடுத்த தடவை வாங்க, பேக்கேஜ்ல டிஸ்கவுண்ட் பண்ணி தர்றேன்". பாக்கி 1,500 எப்பன்னு கேட்டேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கு. பணம் வந்தா இங்கயே கீழ எழுதறேன்.