சீசனல் டில்ட் ஸ்ட்ரக்சர்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

கமுதி பக்கம் ஒரு சோலார் பண்ணையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 2016இல் இங்கே 648 மெகாவாட் நிலையம் வந்ததில் இருந்து, இந்தப் பகுதி என்றாலே சோலார்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நாங்கள் அதில் கால்வாசி கூட இல்லை. எங்கள் பேனல்கள் இருப்பது சீசனல் டில்ட் ஸ்ட்ரக்சரில், அதாவது பருவத்துக்குத் தக்கபடி சாய்வை மாற்றக்கூடிய இரும்புத் தாங்கியில். வெயில் போகும் பக்கம் தானே திரும்பும் டிராக்கர் மாதிரி மோட்டார், சென்சார் எதுவும் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை ஆட்கள் போல்ட்டைத் தளர்த்திச் சாய்வை மாற்றி மறுபடி முடுக்க வேண்டும். சாதாரண ஸ்ட்ரக்சரை விடக் கூடுதலாக ஆகும் செலவு, சுழலும் இணைப்புக்கும் சில துளைகளுக்கும்தான்.

பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. ஆனால் விற்பவர் சொல்லும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பரில் உச்சி வெயில் எங்களுக்குத் தெற்கே 33 டிகிரி சாய்ந்து விழுகிறது. 10 டிகிரியில் நிரந்தரமாக நிற்கும் பேனலை விட 20 டிகிரியில் வைத்தது அப்போது நேர் வெயிலை 5, 6 சதவீதம் அதிகம் வாங்கும். இது காகிதக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடந்தால் எந்தச் சாய்வும் ஒன்றுதான். உண்மையான லாபம் தை, மாசியில்தான் கைக்கு வரும்.

இன்னொரு பக்கம், சித்திரை பிறந்ததில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் எங்களுக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது பேனல் கிட்டத்தட்டப் படுத்தே இருக்க வேண்டும். ஆடிக் காற்றுக்கும் அதுதான் நல்லது, காற்று பிடிக்கப் பரப்பு குறைவு. ஆனால் சுத்தமாகப் படுக்கப் போடாதீர்கள். தூசி கீழ் விளிம்பில் சேறாக உறைந்துவிடும். நாங்கள் 5 டிகிரி வைக்கிறோம்.

மாற்றும் நாள்: பங்குனி பிறக்கும்போது ஒன்று, புரட்டாசி நடுவில் ஒன்று. ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் நஷ்டம் பேருக்குத்தான். ஒரு மாதம் தள்ளினால் ரிப்போர்ட்டில் தெரியும். நான்கு நிலை வைத்த ஸ்ட்ரக்சரும் விற்கிறார்கள். இங்கே அது வீண் கூலி.

தொல்லை கொடுப்பது கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் வெடித்து, கம்பங்களை லேசாக நகர்த்திவிடும். அப்புறம் துளைக்குத் துளை சேராது. கடப்பாரை போட்டு நெம்பினால் ஃபிரேம் முறுகும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒரு மேஜையின் (ஒரே ஸ்ட்ரக்சரில் சேர்ந்து நிற்கும் பேனல் வரிசையை அப்படித்தான் சொல்வோம்) எல்லாக் கால்களிலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே. போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எங்களுக்கு முதலில் வந்த சரக்கு இரண்டாவது மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது, பலவற்றை அறுத்துத்தான் எடுத்தோம். கால்வனைஸ் பூச்சு தடிமனாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிளையும் இரண்டு நிலைக்கும் எட்டுமளவு தளர்வாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் சாய்வு மாற்றும் வேலையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புல் வெட்ட வந்த ஆட்கள் கையிலேயே ஸ்பேனரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.